கையெழுத்து ஓரிடம், சொல் வேறிடம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். பதவி உயர்வு கிடைத்து ஆறு மாதம் ஆகிறது. பிரிவுக்கு நீங்கள்தான் தலைவர். கோப்பில் கடைசிக் கையெழுத்து உங்களுடையது. ஆனால் யாருக்காவது ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் உங்கள் மேசையைத் தாண்டிப் போய், ஓய்வுபெற இரண்டே ஆண்டு இருக்கிற ஒரு பழைய எழுத்தரிடம் நிற்கிறார்கள். அவர் "பார்க்கலாம்" என்றால் நடக்கிறது. நீங்கள் "உடன் நடவடிக்கை" என்று சிவப்பு மையில் எழுதினாலும் கோப்பு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அப்படியென்றால் அதிகாரம் என்பதுதான் என்ன, அது எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தவன் நான். உங்களுக்கு நேர்ந்திருப்பதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எல்லா அலுவலகத்திலும் உள்ளதுதான். வெளியே பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதை நம்பி உள்ளே நுழைகிறவர்களுக்கு மட்டும் அது அதிர்ச்சியாக இருக்கும்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. அதிகாரம் ஒன்று, செல்வாக்கு மற்றொன்று. அதிகாரம் அரசாணையில் வரும்; நியமன உத்தரவில் தேதியோடு வரும்; ஓய்வுபெறும் நாள் பிற்பகலில் போய்விடும். செல்வாக்கு என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: செல்லும் வாக்கு. ஒருவர் சொன்ன சொல் போய்ச் சேர்ந்து காரியமாகிறதா என்பதுதான் அதன் பொருள். பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கையே வெளியிட்டது. பதினான்கு வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று சொன்னது. அதற்குப் பிறகும் நம் ஊர்ப் பெட்டிக் கடைகளில் நீட்டினால், "வேறு கொடுங்கள்" என்றார்கள். நாணயத்துக்கு அதிகாரம் இருந்தது, செல்வாக்கு இல்லை. புதிதாகப் பதவிக்கு வருகிறவர்கள் பலரும் ஏறக்குறைய அந்த நாணயத்தின் நிலையில்தான் இருக்கிறார்கள்.

ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபரும் இதுபோல இரண்டைப் பிரித்துத்தான் பேசினார். 1920இல் அவர் இறந்தபின் அச்சான நூலில் இருக்கிறது. எதிர்ப்பையும் மீறித் தன் எண்ணத்தை நிறைவேற்றிக்கொள்ள முடிவது ஒன்று. ஆணையிட்டால் கீழ்ப்படிய ஆள் இருப்பது இன்னொன்று. கீழ்ப்படிகிறவர்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்பதற்கு அவர் மூன்று காரணம் சொன்னார்: காலங்காலமாக வந்த மரபு, ஆளிடம் இருக்கும் ஈர்ப்பு, சட்டமும் விதியும். நிர்வாகவியல் பாடப்புத்தகங்கள் இந்த மூன்றையும் மூன்று கட்டங்களாகப் போட்டுவிடுகின்றன. அலுவலகத்துக்குள் போய்ப் பார்த்தால் மூன்றும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். அதனால் கட்டங்களை விட்டுவிட்டு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

முதன்முறை ஒரு வட்ட அலுவலகத்தில் பொறுப்பேற்றபோது நிலத் தகராறு ஒன்றுக்குப் பழைய கோப்பு தேவைப்பட்டது. பதிவறைக்கு எழுதினேன். "தேடப்பட்டு வருகிறது" என்று பதில் வந்தது. ஒரு வாரம் கழித்து நினைவூட்டு அனுப்பினேன். அதே பதில், அதே கையெழுத்து, தேதி மட்டும் மாறியிருந்தது. அந்த வயதில் எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பினேன். மிகப் பணிவான விளக்கம் வந்தது: பதிவறையில் பல ஆயிரம் கட்டுகள் உள்ளன, குறியீட்டுப் பதிவேட்டில் பல பக்கங்கள் செல்லரித்துவிட்டன, முழு முயற்சியுடன் தேடி வருகிறேன். ஒவ்வொரு வரியும் உண்மை. ஊழியர் ஒழுங்கு விதி 17(அ)இன் கீழ் நடவடிக்கை எடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எடுத்திருக்கலாம். ஆனால் கோப்பு அதனால் வந்துவிடாதே.

அலுவலகத்தின் மூத்த துணை வட்டாட்சியர் ஒருவர் மெதுவாக, "ஐயா ஒருமுறை பதிவறைக்கே போய்ப் பார்க்கலாமே" என்றார். போனேன். சன்னல் ஒன்று, அதுவும் கட்டுகளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. விளக்கு எரியவில்லை. சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள் கூரைவரை. பதிவறை எழுத்தர் ஒரு ஏணியின் மேல் டார்ச் விளக்கோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். நான் கோப்பைப் பற்றிக் கேட்கவில்லை. எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. எந்தத் தாசில்தார் காலத்துக் கட்டு எந்தத் தட்டில், புயல் அடித்த ஆண்டு நனைந்த கட்டுகளை எங்கே உலர்த்தி எங்கே வைத்தார் என்று அரைமணி நேரம் சொன்னார். பட்டியல் முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. பேச்சு முடிந்தபோது எனக்கு வேண்டிய கோப்பு அவர் கையில் இருந்தது. எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு சொன்னார்: "ஒரு குழல் விளக்குக்கு நான்கு வருடமாக எழுதுகிறேன் ஐயா."

விளக்கு மறுநாளே வந்தது. அதற்குப் பிறகு இரண்டு இளநிலை உதவியாளர்களை அவருடன் உட்காரவைத்துப் புதிய குறியீட்டுப் பதிவேடு ஒன்று எழுதச் சொன்னேன். எட்டு மாதம் ஆயிற்று. நல்ல வேலை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் பதிவேடு முடிந்த நாளிலிருந்து அவர் என்னிடம் முன்போலப் பேசவில்லை. காலையில் அவர் மேசையைச் சுற்றி நிற்கும் கூட்டமும் குறைந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எண்ணைப் பார்த்துக் கட்டை எடுக்கலாம் என்று ஆனபின் அவரை எதற்குத் தேட வேண்டும்? நான் அவரிடமிருந்து எதை வாங்கினேன் என்பது எனக்குப் புரியவே சில வருடங்கள் பிடித்தன.

அதைப் புரியவைத்தது ஒரு பிரெஞ்சு ஆய்வு. மிஷெல் க்ரோஸியே என்ற சமூகவியலாளர் பிரான்ஸ் அரசின் புகையிலை ஆலைகளை ஆராய்ந்து 1963இல் எழுதியது. அந்த ஆலைகளில் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. யார் எந்த வேலை, எவ்வளவு உற்பத்தி, யாருக்கு எப்போது இடமாற்றம் என்பதெல்லாம் எழுதி வைத்தபடி நடக்கும். மேற்பார்வையாளர் நினைத்தால்கூட ஒரு தொழிலாளிக்கு நல்லதோ கெட்டதோ பெரிதாகச் செய்துவிட முடியாது. விதிக்குள் அடங்காதது ஒன்றே ஒன்று: இயந்திரம் எப்போது பழுதாகும் என்பது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் பராமரிப்புத் தொழிலாளர்கள் மட்டும். படிநிலையில் அவர்கள் மேற்பார்வையாளருக்கு மேலே இல்லை. ஆனால் இயந்திரம் நின்றால் உற்பத்தி செய்யும் பெண்களும் மேற்பார்வையாளரும் அவர்கள் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: இயந்திரங்களின் வரைபடங்களும் பழுதுபார்க்கும் குறிப்புகளும் ஆலைகளில் இருந்தே காணாமல் போயிருந்தன. புதிதாக வருகிறவருக்கு வாய்மொழியாக மட்டுமே தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். என் பதிவறை எழுத்தர் பிரெஞ்சு படித்தவர் அல்லர். ஆனால் செல்லரித்த பதிவேட்டைப் புதுப்பிக்க அவர் ஏன் ஒருபோதும் கேட்கவில்லை, விளக்கை மட்டும் ஏன் கேட்டார் என்பது அதைப் படித்த அன்று விளங்கியது.

எந்த அமைப்பிலும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தில் யார் நிற்கிறாரோ அவரைச் சுற்றி மற்றவர்கள் நிற்பார்கள். மருத்துவமனையில் அது படுக்கை ஒதுக்குகிறவராக இருக்கலாம், நிறுவனத்தில் பழைய மென்பொருளின் குணம் தெரிந்த ஒரே ஆளாக இருக்கலாம், கல்யாண மண்டபத்தில் சமையல் மேஸ்திரியாக இருக்கலாம். உங்கள் எழுத்தரும் அப்படி ஏதோ ஓரிடத்தில் நிற்கிறார்.

இதைவிடப் பெரிய அளவில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்ததைச் சொல்கிறேன். கர்ணம், மணியக்காரர் என்ற பதவிகளை ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும். மணியக்காரர் தீர்வை வசூலிப்பார், கர்ணம் கணக்கு எழுதுவார். பதவி வழிவழியாக ஒரே குடும்பத்தில் போகும். பரம்பரை உரிமையால் கிராமப் பதவி தருவது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனாலும் நடைமுறையில் அப்பாவுக்குப் பிறகு பிள்ளை என்பது பல ஊர்களில் தொடர்ந்தது. சம்பளம் மிகக் குறைவு. ஆனால் கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் காலையில் ஊரே இருக்கும். காரணம் அடங்கல். எந்தப் புலத்தில் இந்தப் போகம் என்ன பயிர், யார் சாகுபடி என்று எழுதும் பதிவேடு அது. குத்தகை உரிமைகளைப் பதிவுசெய்யும் சட்டம் 1969இல் வந்தபோது, தான்தான் உழுகிறேன் என்று காட்ட ஒரு குத்தகைக்காரருக்குக் கிடைக்கக்கூடிய முக்கியமான சான்று அந்தப் பதிவேட்டின் ஒரு வரி. அந்த வரியை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவரின் பேனாவில் இருந்தது. சட்டம் சென்னையில் இயற்றப்பட்டது. செல்லுமா செல்லாதா என்பது திண்ணையில் முடிவாயிற்று.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. வழக்குப் போட்டார்கள், 1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. தேர்வாணையம் மூலம் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். எந்தச் சாதியில் பிறந்தவரும் தேர்வு எழுதி அந்த நாற்காலிக்கு வரலாம் என்றானது. தமிழ்நாட்டு நிர்வாகத்தில் நடந்த பெரிய மாற்றங்களில் அதுவும் ஒன்று என்பேன். அதற்குரிய பெயர் அதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் புதிதாக வந்த இளைஞர்களில் பலர் முதல் சில ஆண்டுகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நியமன ஆணை கையில் இருக்கும். கணக்கைப் படிக்கத் தெரியாது. எல்லைக் கல் எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியாது. பழைய கர்ணத்தின் வீட்டுக்கே போய், "ஐயா, இந்த உட்பிரிவு எப்படி வந்தது?" என்று கேட்டவர்கள் உண்டு. பதவி போனபின்னும் அவருடைய திண்ணைக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. பிறகு நில அளவை புதிதாக நடந்தது, சிட்டா கணினிக்குப் போனது, இப்போது கைப்பேசியிலேயே பார்க்கலாம். திண்ணை காலியாகிவிட்டது. 1980இல் ஆணையால் போனது அதிகாரம். செல்வாக்கு போக இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். நீங்கள் எழுதும் ஆணைகளில் எத்தனை தானாக நடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தீர்களா? நிச்சயம் பெரும்பாலானவை நடக்கும். விடுப்பு, வருகைப் பதிவு, வழக்கமான அறிக்கை இவற்றில் யாரும் உங்களை எதிர்ப்பதில்லை. செஸ்டர் பர்னார்ட் என்ற அமெரிக்கர் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். 1938இல் எழுதிய புத்தகத்தில் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆணைக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறவர் ஆணையைப் பெறுகிறவர்தான் என்பது அவர் கருத்து. அவருக்கு ஆணை புரிய வேண்டும், அமைப்பின் நோக்கத்தோடு ஒத்துப்போவதாகத் தோன்ற வேண்டும், தன் நலனுக்கு மாறாக இருக்கக் கூடாது, செய்ய முடிந்ததாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் இருக்கிறதாம். அதற்குள் வரும் ஆணையை "சரி" என்று யோசிக்காமல் செய்துவிடுவார்கள். அதைத் தாண்டினால்தான் பிரச்சினை. நிர்வாகம் செய்த மனிதர் என்பதால் வேபரைவிட இவரிடம் எனக்கு நெருக்கம் அதிகம். "விதிப்படி வேலை" போராட்டம் ஒன்றைப் பார்த்தவர்கள் இவரை உடனே ஒப்புக்கொள்வார்கள். ஊழியர்கள் ஒரு விதியையும் மீறமாட்டார்கள், எல்லாவற்றையும் எழுத்து பிசகாமல் செய்வார்கள், அலுவலகம் நின்றுவிடும்.

நேரில் இருப்பதற்கும் ஒரு கனம் உண்டு. ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஆய்வாளர் சொன்னார் என்பதற்காக, மின்னதிர்ச்சி என்று நம்பி 450 வோல்ட்வரை 40 பேரில் 26 பேர் விசையை அழுத்தினார்கள். எல்லாரும் சொல்லும் எண் அதுதான். அதே சோதனையில், ஆய்வாளர் அறையைவிட்டு வெளியேறித் தொலைபேசியில் ஆணையிட்டபோது கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கலெக்டரோ அவருக்கு அடுத்த அதிகாரியோ ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்து ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் தணிக்கை, நடத்துவது ஏன் என்று இளம் வயதில் எனக்குத் தோன்றும். கணக்குகளை மாவட்டத் தலைநகருக்கு அனுப்பிவைத்தால் போதாதா? போதாது.

அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால் இதன் முழு உருவம் தெரியும். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பினார். தஞ்சை கலெக்டர் தார்ன். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று ஊர் ஊராக அறிவித்தார். சட்டம் அவரிடம், போலீஸ் அவரிடம், சிறைச்சாலை அவரிடம். வழியில் என்ன நடந்தது தெரியுமா? சோற்றுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் தொங்கின. யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மரத்தைக் கைதுசெய்ய முடியாதல்லவா? வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர் ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தாராம். பாதி மழித்தபோதுதான் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை மடக்கி வைத்துவிட்டார். வழக்கு, தண்டனை எல்லாம் வந்தது. அரை முகத்தோடு எழுந்துபோன அந்தக் காவலரை நினைத்துப் பாருங்கள். அரசாங்கமே அவர் பின்னால் இருந்தது. மீதி முகத்தை மழிக்கவைக்கும் சக்தி அதற்கு இல்லை. வைரப்பனுக்கு அந்த ஊரில் நினைவுத் தூண் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். "மக்கள் ஏற்றால்தான் அதிகாரம்" என்பதைக் கேட்க இனிமையாக இருக்கிறது. எந்த மக்கள் என்று கேட்க மறந்துவிடுகிறோம். புதிய பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ் 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுக் காலம் அங்கே தேர்தல் என்பது அறிவிப்போடு நின்றது. மனுவே வராது, வந்து ஜெயித்தவரும் உடனே விலகல் கடிதம் கொடுத்துவிடுவார். கொடுக்கவைப்பார்கள் என்பதுதான் சரி. மேலவளவில் பதவியைக் கைவிட மறுத்த தலைவர் முருகேசன் 1997 ஜூனில் மேலும் ஐந்து பேருடன் பஸ்ஸை மறித்துக் கொல்லப்பட்டார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நாடே பார்த்தது. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது இங்குள்ள முறை. தலைவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, துணைத் தலைவர் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும், தெருவிளக்கு எரியாது.

அந்த ஊர்களில் செல்வாக்கு இருந்தவர்களிடம் அதிகாரம் போகவில்லை என்பதுதான் கோபம். அப்படிப்பட்ட இடத்தில் ஊர் ஏற்கட்டும் என்று காத்திருந்தால் நூறு ஆண்டு காத்திருக்கலாம். 2006 அக்டோபரில் அந்த ஊர்களில் தேர்தல் நடந்தது என்றால் அரசு பின்னால் உறுதியாக நின்றதுதான் காரணம். அதிகாரிகள் மாதக்கணக்கில் வீடு வீடாகப் போய்ப் பேசவும் செய்தார்கள். வெறும் போலீஸை வைத்து நடத்தியிருந்தால் மறுவாரமே விலகல் கடிதம் வந்திருக்கும். வெறும் பேச்சு என்றால் மனுவே வந்திருக்காது.

உங்கள் பிரிவு பாப்பாபட்டி அல்ல; அவ்வளவு பெரிய ஆயுதம் வேண்டாம். எழுத்தரை இடமாற்றம் செய்யும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அவர் போய்விடுவார், அவருக்குத் தெரிந்ததும் அவரோடு போய்விடும், வேலை மேலும் நின்று, பழி உங்கள் மேல் விழும். அடுத்த வாரம் அவர் மேசைக்கு நீங்களே போங்கள். அவரை உங்கள் அறைக்கு அழைக்க வேண்டாம். எந்தக் கோப்பையும் கேட்காமல், ஒரு விண்ணப்பம் உள்ளே வந்தது முதல் வெளியே போவது வரை என்ன நடக்கிறது என்று சொல்லித்தரச் சொல்லுங்கள். எங்கே "அது எனக்கு மட்டும் தெரியும்" என்ற தொனி வருகிறதோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடம் ஒவ்வொன்றிலும் ஓர் இளையவரை உட்காரவைத்து எழுதவையுங்கள். இரண்டு ஆண்டு போதும். அவருக்குப் பிடிக்காது. அதனால் அவர் எழுதிக் கேட்டுக் கிடைக்காமல் போனவை ஏதாவது இருந்தால் முதலில் அதைச் செய்துகொடுங்கள்; நான் குழல் விளக்கோடு நின்றுவிட்டேன், பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதியிருக்கலாம்.

ஒன்றை மட்டும் முன்னதாகவே பார்த்துவிடுங்கள். அவரிடம் போகிறவர்கள் வெறுங்கையோடு போகிறார்களா, கவரோடு போகிறார்களா? கவர் என்றால் நான் இவ்வளவு நேரம் எழுதியதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அந்த மேசைக்குப் போய் உட்கார வேண்டாம். லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதுங்கள்.